அம்மாவின் முகம் அம்மாவுடையதாகவே இருக்கட்டும்

நம் வீடுகளில் பழைய அலமாரியைத் திறந்தால் இரண்டு மூன்று வீடியோ கேசட்டுகளாவது கிடைக்கும். அக்கா கல்யாணம், தம்பி காதுகுத்து, பத்துமலைத் தைப்பூசம் என்று முதுகில் பேனாவால் எழுதியிருக்கும். கேசட் இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கருவிதான் இல்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.எச்.எஸ். கருவித் தயாரிப்பை நிறுத்தியது. இப்போது கிடைப்பவை எல்லாம் பழைய கருவிகளே.

வானொலி அறிவிப்புதான் என் வேலை. ஊடகத் துறையில் படித்தவன் என்பதால், ஓய்வு நாள்களில் இப்படிப்பட்ட கேசட்டுகளை எச்.டி. தரத்துக்கு மாற்றித் தருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இப்போ வர்ற படம் மாதிரி பளிச்சுனு ஆக்கித் தர முடியுமா?"

முதலில் கணக்கைப் பார்ப்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தது பி.ஏ.எல். முறை. அதை மின்னிலக்கமாக்கும்போது ஒரு படச்சட்டத்தில் 720க்கு 576 புள்ளிகள் இருக்கும். மொத்தம் 414,720. முழு எச்.டி. திரையில் 1920க்கு 1080, மொத்தம் 2,073,600. சரியாக ஐந்து மடங்கு! அதிலும் வி.எச்.எஸ். கேசட் பதிவு செய்யும் நுணுக்கம், அந்த 720 புள்ளிகளையே நிரப்பப் போதாது. மீதியை மென்பொருள்தான் ஊகித்து நிரப்ப வேண்டும்.

"1964இல் வந்த 'கர்ணன்' படத்தை 2012இல் புதுப்பித்துத் திரையிட்டார்களே, அது மட்டும் எப்படி?" என்று சிலர் கேட்பதுண்டு. அது படச்சுருளில் எடுத்தது. 35 மில்லிமீட்டர் சுருளில் எச்.டி.யையும் மிஞ்சும் நுணுக்கம் உண்டு. நன்றாக ஸ்கேன் செய்தால் அது வெளியே வரும். கேசட்டில் பதியாத நுணுக்கமோ எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை.

அதற்காக முயற்சி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். முறையாகச் செய்தால் நல்ல மாற்றம் தெரியும். பாதி வெற்றி, கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போதே கிடைக்கிறது. நல்ல நிலையில் உள்ள கருவி வேண்டும். படம் நெளியாமல் நேர்ப்படுத்தும் டி.பி.சி. என்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. முன்பே கடையில் போட்ட டி.வி.டி. இருந்தாலும் கேசட்டையே கொடுங்கள். டி.வி.டி.க்காகப் படத்தைச் சுருக்கும்போதே கொஞ்சம் நுணுக்கம் போயிருக்கும்.

அடுத்தது கோடுகள். பழைய வீடியோ ஒரு வினாடிக்கு 25 படங்கள் காட்டும். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிசைக் கோடுகள், இரட்டை வரிசைக் கோடுகள் என்று இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். இதைச் சரிசெய்யாமல் பெரிதாக்கினால், மாப்பிள்ளை கையை அசைக்கும்போதெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். இரண்டு பாதிகளையும் பிரித்து, வினாடிக்கு 50 முழுப் படங்களாக்கிய பிறகுதான் பெரிதாக்க வேண்டும்.

மூன்றாவது, படத்தின் வடிவம். பழைய படம் 4:3, இன்றைய திரை 16:9. திரையை நிரப்ப இழுத்தால் மணப்பெண் முதல் நாதஸ்வரக்காரர் வரை அனைவரும் குண்டாகிவிடுவார்கள். மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்படியே விடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் தொழில்நுட்பம். குடும்பம் யோசித்து முடிவெடுக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா, 1993இல் தோட்டத்துக் கோயிலில் நடந்த தம் அண்ணன் கல்யாணக் கேசட்டைக் கொண்டு வந்தார். அதில் அவருடைய அம்மா ஆரத்தி எடுக்கும் காட்சி சில வினாடிகள் வருகிறது. அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டமும் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. "அம்மா முகம் தெளிவாத் தெரிஞ்சாப் போதும், தம்பி" என்றார்.

அந்தக் காட்சியில் அம்மாவின் முகம் இருபது புள்ளி அகலம்கூட இல்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள், ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கலான முகத்தைக் கொடுத்தால், பொருத்தமாக இருக்கக்கூடிய ஒரு முகத்தை வரைந்து தரும். முழு வேலையைத் தொடங்குமுன் ஒரு நிமிடக் காட்சியை இரண்டு விதமாகச் செய்து காட்டுவது என் வழக்கம். ஒன்றில் முகத்தைக் கூர்மையாக்கும் வசதியைப் போட்டேன். மற்றதில் அதை விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் குறைத்தேன்.

அக்காவின் மகனுக்கு முதலாவதுதான் பிடித்தது. கண், மூக்கு எல்லாம் கூர்மை, தோல் வழவழப்பு. அக்கா இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். அசலில் மங்கலாக மின்னிய மூக்குத்தி அதில் காணாமல் போயிருந்தது. "அழகாத்தான் இருக்காங்க, தம்பி. ஆனா இது எங்கம்மா இல்ல."

மகன் பாட்டியைப் பார்த்ததே இல்லை. அவனுக்கு எது தவறு என்று தெரிய வழியில்லை. அதில்தான் ஆபத்து இருக்கிறது. நேரில் பார்த்தவர்கள் போன பிறகு, அந்தக் காணொளியில் உள்ள முகமே பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் முகமாகிவிடும். அக்கா இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார். சற்று மங்கல்தான், ஆனால் மூக்குத்தி இருக்கிறது.

வானொலிக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். படத்தைப் போலவே ஒலியும் முக்கியம். இரைச்சலை முழுவதும் துடைக்கச் சொல்லாதீர்கள், குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும். கொஞ்சம் இரைச்சலோடு கேட்கும் தாத்தாவின் குரல், தகரம் போல ஒலிக்கும் சுத்தமான குரலைவிட மேல்.

கேசட்டைக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை:

• நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இது சகஜம். முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

• பெரிதாக்கிய கோப்போடு, மாற்றம் செய்யாத அசல் பதிவையும் கேட்டு வாங்குங்கள். நாளை இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் அது தேவைப்படும்.

• முகத்தைக் கூர்மையாக்கும் வசதியைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். மாதிரி பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

• மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025ஐக் கெடுவாக வைத்து 2015லேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது. நாடா தேய்கிறது, கருவிகள் குறைகின்றன.

மாற்றி வாங்கியதும் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பந்தியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, பெயர்களை எழுதி வையுங்கள். முகத்தை ஊகித்து வரையும் எந்த மென்பொருளுக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது.