இறுகிய மரையின் இயற்பியல்

லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்கட்டையில், தோளில் பதியும் பித்தளைத் தகட்டின் நடுவே ஒரு சின்ன மூடி இருக்கும். திறந்தால் ஆழமான துளை. எண்ணெய்ப் புட்டியையும் குழலைத் துடைக்கும் கயிற்றையும் சிப்பாய் அங்கேதான் வைத்திருப்பான். இரண்டையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், துளையின் அடியில் பெரிய போல்ட் ஒன்றின் தலை தெரிய வேண்டும். பல நேரம் தெரியாது. தலையை மூடியபடி ஒரு தோல் வட்டு கிடக்கும். காய்ந்து, கறுத்து, மரத்தோடு மரமாக ஒட்டியிருக்கும். ‘திருப்புளி வழுக்குகிறது, போல்ட் அசையவே இல்லை’ என்று புலம்புகிறவர்களில் சிலர் உண்மையில் தோலைத்தான் திருகிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஒற்றைப் போல்ட்தான் பின்கட்டையையும் துப்பாக்கியின் இரும்பு உடலையும் சேர்த்துப் பிடிக்கிறது. இந்தத் துப்பாக்கி 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற ‘மார்க் 3’ வடிவம். நம்மூர்க் காவலர்கள் கையில் ‘திரீ நாட் திரீ’ என்று பல தலைமுறை புழங்கியதும் இந்தக் குடும்பம்தான். கொல்கத்தாவுக்கு அருகில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை இவற்றை விடுதலைக்குப் பிறகும் தயாரித்தது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் இதற்கு விடைகொடுத்தது. ஆயுதக் கிடங்குகளிலும் அருங்காட்சியகங்களிலும் இன்னும் ஏராளமாக நிற்கின்றன. கட்டை வெடித்தாலோ, பூச்சி அரித்தாலோ, அதைக் கழற்றியாக வேண்டும். துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டுப் படைக்கல மெக்கானிக் உட்காருகிறார். போல்ட் அசைய மறுக்கிறது.

இன்னும் பலமாகத் திருகலாமா என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

மரை என்பது உருளையைச் சுற்றி ஏறும் ஒரு சாய்தளம். சாதாரண 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டில் ஒரு சுற்றுக்கு ஏற்றம் 1.25 மி.மீ. மட்டுமே. கணக்குப் போட்டால் அந்தச் சாய்வு ஏறத்தாழ 3 பாகை. இரும்பின்மேல் இரும்பு தானாகச் சறுக்க வேண்டுமானால் சாய்வு 8 பாகையையாவது தாண்ட வேண்டும். அதனால்தான் முறுக்கிய போல்ட், கையை எடுத்தாலும் தானாகத் திரும்புவதில்லை. முறுக்கும்போது நாம் செலவிடும் உழைப்பில் ஏறக்குறைய பாதி, போல்ட்டின் தலை அடியில் உரசுவதிலேயே போய்விடும். இன்னொரு நாற்பது விழுக்காடு மரைகளின் உராய்வுக்கு. இரு பொருள்களை இறுக்கிப் பிடிக்கும் வேலைக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். பொறியாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் தோராயக் கணக்கு இது.

இதிலிருந்து ஒரு விசித்திரம் கிடைக்கிறது. கழற்றும்போது சாய்தளம் நமக்கு உதவியாக இறங்குகிறது. ஆகவே புதிய, சுத்தமான போல்ட்டைக் கழற்ற, முறுக்கியதைவிடச் சற்றுக் குறைந்த விசையே போதும். ஐம்பது ஆண்டு கழித்து அதே போல்ட் இரண்டு மடங்கு விசைக்கும் மசியவில்லை என்றால், அந்த வித்தியாசம் முழுவதும் இடைப்பட்ட காலத்தில் வந்து சேர்ந்தது. முறுக்கியவன் மேல் பழியில்லை.

என்ன வந்து சேர்கிறது? முதலில் துரு. இரும்பு துருவாகும்போது கன அளவில் இரண்டு முதல் ஆறு மடங்குவரை பெருக்கிறது. மரைகளுக்கு இடையே இருப்பதோ மயிரிழை இடைவெளி. பெருத்த துரு அங்கே ஆப்பு அடித்ததுபோல உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, மரமே. இந்தத் துப்பாக்கிகளுக்குப் பெரிதும் பயன்பட்ட வால்நட் மரத்தில் டானின் உண்டு. ஈரம் பட்டால் டானினும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறையாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை காய்ச்சியவர்களுக்குத் தெரிந்த அதே வேதியியல். பழைய போல்ட்டை உருவினால் தண்டு முழுக்க மைக்கறுப்பாக இருப்பது இதனால்தான். மூன்றாவது, எண்ணெய். கட்டையைப் பாதுகாக்கப் பூசும் ஆளிவிதை எண்ணெய், தேங்காயெண்ணெய்போலக் கசிந்தபடியே இருக்காது. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, இறுகிய படலமாகிவிடும். ஓவியர்களின் எண்ணெய் வண்ணம் காய்வதும் இப்படித்தான். காக்கப் பூசியது இடுக்கில் கசிந்தால் பசையாகிவிடுகிறது.

இப்போது கருவிக்கு வருவோம். இந்தப் போல்ட்டின் தலை அகலமானது. அதன் குறுக்கே ஒற்றைப் பிளவு. வீட்டில் இருக்கும் திருப்புளி நீளமும் போதாது, அகலமும் போதாது. நீளக் குறையை எல்லோரும் உடனே உணர்வார்கள். விபத்து வருவது அகலக் குறையால். திருப்புளியின் அலகு பிளவின் முழு அகலத்தையும் நிரப்பினால், விசை இரண்டு ஓரங்களிலும் தூரத்தூர நின்று தள்ளும். அலகு பாதி அகலம் என்றால், அதே முறுக்கத்துக்கு ஓரங்கள் இரட்டிப்பு விசையைத் தாங்க வேண்டும். இரும்பு நசுங்கும், பிளவின் விளிம்பு பிய்யும். ஒருமுறை பிய்ந்துவிட்டால் அடுத்த திருப்புளிக்குப் பிடிமானம் இன்னும் குறைவு.

இன்னொரு குறையும் உண்டு. சாதாரணத் திருப்புளியின் அலகு ஆப்புபோல நுனி நோக்கி மெலியும். பிளவின் சுவர்களோ நேர்செங்குத்து. ஆகவே அலகு பிளவின் மேல் விளிம்பை மட்டும் தொடுகிறது. முறுக்க முறுக்க, சாய்ந்த பக்கம் அலகை வெளியே தள்ளுகிறது. துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் இரு பக்கமும் இணையாக இருக்கும்படி சாணை பிடித்த அலகையே வைத்திருப்பார்கள். கனடாவின் ராபர்ட்சன் 1908-இல் சதுரக் குழித் தலையைக் கொண்டுவந்ததற்கும், 1930-களில் ஃபிலிப்ஸின் கூட்டல்குறித் தலை கார்த் தொழிற்சாலைகளில் நுழைந்ததற்கும் ஒற்றைப் பிளவின் இந்தத் தொல்லையே பெரிய காரணம்.

சரியான அலகு கிடைத்த பிறகும் அது துளைக்குள் நேராக நிற்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தப்பட வேண்டும். இரண்டையும் ஒரே கையால் செய்வது கடினம். தேர்ந்தவர்கள் அலகைத் துளையிடும் இயந்திரத்தின் வாயில் மாட்டி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கைப்பிடியால் கீழே அழுத்திப் பிடித்தபடி ஸ்பேனரால் திருப்புவார்கள். அழுத்தும் வேலை இயந்திரத்துக்கு, திருப்பும் வேலை மனிதனுக்கு. பழைய மரையோடு மல்லுக்கட்டுவதில் எனக்குத் தெரிந்த மிக அழகான தந்திரம் இது.

அடுத்து, முதலில் ஒரு மயிரளவு முறுக்கிப் பார்ப்பது. கழற்ற வந்தவன் ஏன் முறுக்க வேண்டும் என்று தோன்றும். துருவின் ஒட்டு எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும். ஒருமுறை உடைந்துவிட்டால் மீதி வேலை எளிது. ஓய்வில் இருக்கும்போது உள்ள உராய்வைவிட நகரும்போது உள்ள உராய்வு குறைவு. ஓய்வு நீள நீள உராய்வு கூடுவதைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 18-ஆம் நூற்றாண்டிலேயே அளந்து எழுதியிருக்கிறார். அலகின் பின்புறம் சுத்தியலால் தட்டுவதும் இதே கணக்குதான். நிதானமான தள்ளலுக்கு மசியாத ஒட்டு, கணநேர அதிர்ச்சிக்கு விரிசல் விடும்.

சூடு? 12 மி.மீ. தடிப்புள்ள எஃகை 100 பாகை சூடாக்கினால் 0.014 மி.மீ.தான் விரியும். சொற்பம். ஆனால் துருவும் எஃகும் ஒரே அளவில் விரிவதில்லை, உறைந்த எண்ணெயும் இளகும். அதற்காக ஊதுவிளக்கைத் தூக்கிவிடக் கூடாது, சுற்றிலும் மரம். தலையின்மேல் பற்றவைப்புக் கோலை வைத்து மெதுவாகச் சூடேற்றினால் போதும்.

எண்ணெய் விட்டு ஊறவைப்பதில்தான் பொறுமை வேண்டும். மெல்லிய எண்ணெய் நுண்குழாய் விசையால் இடுக்கில் ஏறும். ஏறும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1921-இல் வாஷ்பர்ன் காட்டினார். அதாவது இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம். இடுக்கு குறுகக் குறுக இன்னும் மெதுவாகும். பத்து நிமிடம் கழித்து ‘எண்ணெய் வேலை செய்யவில்லை’ என்பது அவசரத் தீர்ப்பு. இங்கே இன்னொரு சிக்கல்: நாம் எண்ணெய் விடுவது தலைப்பக்கம். மரை இருப்பதோ நீண்ட தண்டின் மறுமுனையில். நடுவில் உள்ள மரம் எண்ணெயைக் குடித்து மென்மையாகிவிடும்.

மறுமுனையை எட்ட வழி உண்டு. அதைத் தெரிந்துகொள்வதற்குள் பலர் ஒரு நல்ல கட்டையை உடைத்துவிடுகிறார்கள்.

மார்க் 3-இல் போல்ட்டின் நுனி சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். அது, பின்கட்டையின் முனை செருகியிருக்கும் இரும்புக் கூட்டின் முன்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு, முன்கட்டையின் பின்முனையில் பதித்த ஓர் இரும்புத் தகட்டின் பிளவில் உட்காரும். சதுரம் பிளவுக்குள் இருக்கும்வரை போல்ட் திரும்ப முடியாது. வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே போட்ட பூட்டு அது. ஒவ்வொரு சுடுதலும் ஓர் உதை, ஒவ்வொரு உதையும் போல்ட்டைத் தளர்த்தப் பார்க்கும். பக்கவாட்டு அதிர்வு மரையை எப்படித் தானாகக் கழலச் செய்கிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் யுங்கர் 1969-இல்தான் சோதனை வழியே விளக்கினார். என்ஃபீல்டுக்காரர்கள் அனுபவத்தால் முன்பே அறிந்து, திரும்பவே முடியாதபடி கட்டிப்போட்டார்கள்.

அந்தப் பூட்டைத் திறக்காமல் நீண்ட திருப்புளியால் பலமாகத் திருகினால் போல்ட் திரும்பும்தான். கூடவே சதுரம் தகட்டையும் திருக, முன்கட்டையின் பின்முனை பிளந்துபோகும். பிடிவாதமான துரு என்று நினைத்து மெக்கானிக் தோற்கடித்தது உண்மையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை. முன்கட்டை பிளப்பது இஷாப்பூரிலும் தெரிந்த தொல்லைதான். அங்கே அதன் குறுக்கே ஒரு வலுவூட்டும் திருகு பொருத்தினார்கள். பின்னால் வந்த ‘நம்பர் 4’ வடிவத்தில் சதுர நுனியையே விட்டுவிட்டு, சுருள் வாஷரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள்.

ஆகவே வேலையின் வரிசை தலைகீழ். பின்கட்டையைக் கழற்ற, முன்கட்டையில் தொடங்க வேண்டும். அதை எடுத்ததும் சதுர நுனி கண்ணுக்குத் தெரியும். மரையின் வாயும் அங்கேதான் இருக்கிறது. எண்ணெயை அந்தப் பக்கம் இரண்டு சொட்டு விட்டால் மரத்தைத் தொடாமல் நேராக மரைக்குப் போகும். பூட்டும் போயிற்று, எண்ணெய்க்கு வழியும் கிடைத்தது. பல துப்பாக்கிகளில் இதற்குப் பிறகு திருகப் பெரிய பலம் வேண்டியிருப்பதில்லை.

போல்ட் வந்த பிறகும் கட்டை வராமல் இருக்கலாம். மரம் ஈரத்தில் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது, குறுக்கே உப்பும். போல்ட் நாரோடு ஓடுவதால் அதன் இறுக்கம் பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறுவதில்லை. ஆனால் கூட்டுக்குள் செருகிய முனை குறுக்கே உப்பி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த அறையில் சில நாள் வைத்துவிட்டு, மரச் சுத்தியால் பக்கவாட்டில் மாறி மாறித் தட்டினால் இளகும்.

திரும்பப் பூட்டும்போது பின்கட்டை முதலில், முன்கட்டை பிறகு. போல்ட்டை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கி விட்டுவிட முடியாது. சதுரத்தின் பக்கங்கள் தகட்டின் பிளவுக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். கால் சுற்றுக்கு ஒருமுறைதான் அந்த இடம் வரும்.