பூட்டில்லாமல் வந்த பெட்டி

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். பைக்குள் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, பழைய மடிக்கணினிக்குப் பொருந்தும் 2 ஜிபி ரேம் ஒன்று, சின்ன ஸ்குரூ டிரைவர். மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. சாலையோரத்தில் சாமைக் கொல்லைகளும் புளிய மரங்களும் பலாவும் மாறி மாறி வந்தன. ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு அந்தச் சிற்றூருக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

நான் பார்க்கப் போனவள் எனக்குத் தங்கை முறை சொல்லிப் பழகியவள். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கெழுதுகிறாள். 2012இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் வைத்திருக்கிறாள். அரசு முத்திரை போட்ட மூடியின் ஓரங்கள் தேய்ந்து வெளுத்திருந்தன. பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. சுவிட்ச் போட்டால் உயிர் வரும், பிடுங்கினால் போய்விடும். "உள்ள இருக்கிற விண்டோஸ் நகரவே மாட்டேங்குதுண்ணா. கடைக்காரர் பழைய இரும்புக்குப் போடச் சொல்றார்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அரசின் அந்த மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கியது. ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு மடிக்கணினி என்பது அறிவிப்பு. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. மலையில் இருந்த அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. அதுவரை கணினியைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு காட்டுப் பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். வாக்குக்காகக் கொடுத்தது என்று அதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு பழங்குடிக் குடும்பத்தின் கூரைக்குள் கணினி நுழைந்த நாள் பெரிய நாள்தான்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன என்பது பலருக்கு இன்று நினைவில்லை. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு கருந்திரை கேட்கும். ஒன்று விண்டோஸ் 7. மற்றொன்று பாஸ் லினக்ஸ். சென்னையில் உள்ள சி-டாக் பொறியாளர்கள், உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து ஆக்கிய டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கி 2007இல் முதன்முதலாக வெளியிட்ட இயங்குதளம் அது. மூலநிரல் திறந்தது, காசில்லை, தமிழும் பேசும். எல்காட்டுக்கே இதில் ஒரு முன்கதை உண்டு. சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோதே அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்.

ஆனால் மலைமேல் நடந்தது வேறு. பாஸ் என்றால் என்ன என்று சொல்லித்தர ஆளில்லை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க எல்லோரும் விண்டோஸையே அழுத்தினார்கள். கொஞ்ச நாளில் வைரஸ் வந்து மெஷின் படுத்தது. கீழே இறங்கிப் போய்க் கடையில் கொடுத்தால், 300, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு "ஃபார்மட்" போட்டு, திருட்டு விண்டோஸை ஏற்றி, பாஸை வழித்து எறிந்துவிட்டுத் தந்தார்கள். தமிழ் மாணவர் கைக்கு லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்த ஒரு சுதந்திர மென்பொருள், யாரும் திறந்து பார்க்காமலே அழிந்தது. அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டு இயங்குதளங்கள் இருந்தும், வட்டுக்குப் பூட்டு என்று ஒன்று இல்லை. உள்ளே நுழையக் கேட்கும் கடவுச்சொல்லைப் பூட்டு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது முன்வாசலுக்குப் போட்ட தாழ்ப்பாள். பின்பக்கம் சுவரே கிடையாது. நாலு ஸ்குரூவைக் கழற்றி, ஹார்டுடிஸ்கை உருவி, இன்னொரு கணினியில் செருகினால் அத்தனையும் கண்முன்னே விரியும். வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்யும், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் பிட்லாக்கர் வசதி விண்டோஸ் 7இல் அல்டிமேட், என்டர்பிரைஸ் என்ற விலை உயர்ந்த பதிப்புகளுக்கு மட்டும்தான். பூட்டு பணக்காரச் சரக்காக இருந்த காலம்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. என் பழைய மடிக்கணினியைச் சமவெளியில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். வட்டு போய்விட்டது, மாற்றியாயிற்று என்றார்கள். சில மாதம் கழித்துத் தெரிந்த பையன் ஒருவன், வேறு எங்கோ வாங்கிய பழைய வட்டில் எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்ததாகச் சொல்லி, வெட்கப்பட்டுக்கொண்டே திருப்பித் தந்தான். நல்ல பையன். எல்லா வட்டும் நல்ல பையன் கையிலேயே போய்ச் சேருமா?

அன்று இவள் கணினியில் இருந்தவை பாட்டு, படம், பள்ளிச் சுற்றுலாப் போட்டோ. போனால் போகட்டும் என்று விடலாம். இன்று இருப்பதைக் காட்டினாள். குழுவிலுள்ள பெண்கள் எல்லோருடைய ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கடன் கணக்கு. ஊரார் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளச் சொன்ன சாதிச் சான்றிதழ்கள். மலையாளிப் பழங்குடி என்ற அந்த ஒற்றைத் தாளுக்கு மலைக்காரர்கள் எத்தனை முறை அலுவலகப் படி ஏறி இறங்குகிறார்கள் என்பது அவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் படிப்பும் வேலையும் அதில்தான் நிற்கின்றன. அப்புறம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் நிலத்துக்குப் போட்ட மனுக்கள், கொல்லை எல்லை வரைந்த படங்கள். ஒரு ஊரின் உயிர்நாடி முழுவதும் நாலு ஸ்குரூவுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

முதலில் வேண்டியதையெல்லாம் வேறு இரண்டு பென் டிரைவில் படியெடுத்தோம். ரேமைச் செருகி 4 ஜிபி ஆக்கினேன். பிறகு டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. மலையில் சிக்னலை நம்ப முடியாது என்பதால் முழு டிவிடி கோப்பையே வீட்டில் இறக்கி, அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்துப் பென் டிரைவில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். இந்தப் பதிப்பு 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ இடம் தருவதில்லை. இவளுடைய பென்டியம் செயலி நல்லவேளையாக 64 பிட்.

நான் லினக்ஸுக்கு வந்த காலத்தில் இது இப்படி இல்லை. பத்திரிகையோடு வரும் சிடியைப் பாதுகாத்து, ஐஐடியில் கூடும் சென்னை லினக்ஸ் குழுவினரிடம் சந்தேகம் கேட்டு, வட்டைக் கையால் பிரித்து, தப்பாகப் பிரித்து எல்லாவற்றையும் இழந்து கற்ற வித்தை. அதற்கு மேல் மறைகுறியாக்கம் என்றால் பக்கம் பக்கமாகக் கட்டளைகள். 2004இல் கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் என்பவர் லக்ஸ் என்ற முறையை வகுத்தார். 2007இல் டெபியன் அதைத் தன் நிறுவிக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்று அது பட்டியலில் ஒரு வரி: முழு வட்டையும் எடுத்துக்கொண்டு, மறைகுறியாக்கிய எல்விஎம் அமை. அவ்வளவுதான்.

மொழியைக் கேட்டபோது தமிழைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவியின் திரை தமிழில் விரிந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தானே படித்தாள். சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்த்தது. ஆனாலும் அந்தச் சொற்களுக்குப் பின்னால் மருத்துவர் வாசுதேவன் போன்றவர்கள் ஊதியமின்றி உட்கார்ந்து மொழிபெயர்த்த இரவுகள் இருக்கின்றன. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் த. சீனிவாசன் முதலான நண்பர்களும் இல்லையென்றால், என் போன்றவனுக்கு இதைத் தமிழில் சொல்லச் சொற்களே கிடைத்திருக்காது.

செயலியில் மறைகுறியாக்கத்துக்கென்று தனிக் கட்டளைகள் உண்டா என்று பார்த்தேன். 'ஏஇஎஸ்' என்ற சொல் அதன் திறன் பட்டியலில் இல்லை. அந்தக் கால மலிவுச் செயலிகள் பலவற்றில் அது கிடையாது. அப்படியென்றால் கணினி நொண்டுமே என்பார்கள். சோதித்துப் பார்த்தால், பூட்டித் திறக்கும் வேகம் அந்தப் பழைய ஹார்டுடிஸ்க் படிக்கும் வேகத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. வட்டே மெதுவாக ஓடுவதால் பூட்டின் பாரம் தெரியவில்லை. எஸ்எஸ்டி போட்டால்தான் வித்தியாசம் கண்ணுக்குப் படும்.

நேரம் பிடித்தது வேறொன்று. நிறுவும் முன் வட்டு முழுவதையும் அர்த்தமில்லாத எழுத்தால் நிரப்புகிறது டெபியன். பொறுமையில்லாதவர்கள் ரத்து செய்துவிடுவார்கள். புது வட்டென்றால் பரவாயில்லை. பல வருடம் பூட்டில்லாமல் புழங்கிய வட்டில் அதை ரத்து செய்யக் கூடாது. மேலே புதுப் பூட்டு போட்டாலும் அடியில் பழைய ஆதார் நகல்கள் தடமாகக் கிடக்கும். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், கரண்ட் போனது. பேட்டரி இல்லாத பெட்டி பொட்டென்று அணைந்தது. மறுபடி முதலிலிருந்து.

அவளுடைய அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "இம்மா நேரம் என்னப்பா பண்ணுது அது?"

"பழசையெல்லாம் அழிச்சிட்டு இருக்கும்மா. அப்புறம்தான் புதுசு வைக்கணும்."

"புனம் எரிச்சிட்டு வெதைக்கிற மாதிரியா?"

பத்துப் பதினைந்து வருடமாக நான் இதை விளக்கிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சரியாக ஒரு நாளும் சொன்னதில்லை.

காத்திருந்த நேரத்தில் வெளியே வந்தோம். வானம் கொள்ளாத நட்சத்திரம். இந்த இருட்டைத் தேடித்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இதே மலையின் காவலூரில் தொலைநோக்கி வைக்க வந்தார். 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். "ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போனாங்கண்ணா, பார்த்திருக்கேன்" என்றாள்.

கடவுத்தொடர் கேட்டபோது இரவு பத்தைத் தாண்டிவிட்டது. பிறந்த தேதியும் பிள்ளை பெயரும் வேண்டாம் என்றேன். ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு சொற்கள், ஆங்கில எழுத்தில். கணினி விழிக்கும் முதல் திரையில் தமிழ் விசைப்பலகை இருக்காது. அவள் என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டினாள். அதுதான் முறை. சாவி எனக்கும் தெரியக் கூடாது. புது லக்ஸ் முறையில் ஒவ்வொரு ஊகத்துக்கும் கணினி வேண்டுமென்றே நேரத்தையும் நினைவகத்தையும் செலவிடுகிறது. திருடியவன் கோடி சொற்களைப் போட்டுப் பார்த்தாலும் அலுத்துப்போவான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் அவளிடம் மறைக்கவில்லை. கடவுத்தொடரை மறந்தால் போச்சு. கடைக்காரர், நான், டெபியன்காரர்கள், அரசாங்கம், யாராலும் திறக்க முடியாது. அதனால் மூன்று காரியம் செய்தோம். இரண்டாவது கடவுத்தொடர் ஒன்றையும் சேர்த்தோம், லக்ஸ் அதற்கு இடம் தருகிறது. வட்டின் தலைப்பகுதியைப் படியெடுத்துத் தனிப் பென் டிரைவில் வைத்தோம், அந்தச் சிறு பகுதி கெட்டால் சரியான சாவி இருந்தும் பயனில்லை. முக்கியமான கோப்புகளின் படி வேறொரு வீட்டில் இருக்கும். இன்னொன்றும் சொன்னேன்: மூடியைச் சாத்தித் தூங்கவைத்தால் பூட்டு திறந்தபடிதான் இருக்கும். வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆபீஸ், எளிய எக்ஸ்எஃப்சிஇ திரை. காலையில் குழுக் கணக்கை அவளே திறந்து இரண்டு வரி சேர்த்தாள். பழைய விண்டோஸ் விழிப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம் என்பாள். இப்போது கடவுத்தொடரைத் தட்டி, அடுப்பைத் திரும்பிப் பார்ப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. டெபியன் 13க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2030 வரை வரும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடும் இலவசப் பாதுகாப்புத் திருத்தம் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பென்டியத்தை ஏறெடுத்தும் பார்க்காது. பழைய இரும்பு என்று கடைக்காரர் சொன்ன பெட்டிக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைத்தது.

இரண்டாவது கடவுத்தொடரை அவள் ஒரு தாளில் எழுதி மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அவர் அதை டிரங்குப் பெட்டியில், பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அரசு முத்திரை போட்ட மடிக்கணினி ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் அதன் வட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பென் டிரைவும் ஒரு ராத்திரியும் ஒதுக்கினால் போதும். தெரியாவிட்டால் விழுப்புரத்திலும் காஞ்சியிலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கேளுங்கள், காசு வாங்காமல் சொல்லித்தருவார்கள்.