பாரிஸ் எவ்வளவு தூரம்?

உப்பளத்தில் எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார். அவருடைய பேரன் பாரிஸில் உத்தியோகம் பார்க்கிறான். 2025 ஜூன் மாதத்தில் அவன் விடுமுறைக்கு வருவதாக இருந்தது. "பாரிஸ் எவ்வளவு தூரம், வாத்தியாரே?" என்று கேட்டார். "சுமார் 8,100 கிலோமீட்டர், அம்மா, 5,000 மைலுக்குச் சற்று அதிகம்" என்றேன். "அதை யார் கேட்டார்கள்? எத்தனை மணி நேரத்தில் வந்து சேருவான்?" என்றார்.

இரண்டும் வெவ்வேறு கேள்விகள்தாம். முதலில் தூரத்தைப் பார்ப்போம். சுவரில் தொங்கும் படத்தில் புதுவைக்கும் பாரிஸுக்கும் நேர்கோடு கிழித்தால், அது பாரசீக வளைகுடாவின் மேலாகச் செல்லும். ஆனால் படம் தட்டை, பூமியோ உருண்டை. பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பம்பாயின் மேலாகப் போய்க் கராச்சியை ஒட்டிச் செல்லும். ஈரானைக் கடந்து காஸ்பியன் கடலின் தென்கரையை அடையும்போது பாதி வழி முடிந்துவிடும். அப்பால் கருங்கடல், ஹங்கேரி, பிறகு பாரிஸ். இதுவே மிகக் குறுகிய மார்க்கம். திசைகாட்டியின் முள்ளை ஒரே முகமாக வைத்துக்கொண்டு சென்றால் சுமார் 200 கிலோமீட்டர் கூடிவிடும்.

இந்த நூல் என்றும் நீண்டதுமில்லை, குறுகியதுமில்லை. மாறியது காலந்தான். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படும் வரை, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் சென்றன. கால்வாய் வந்த பின் மாதங்கள் வாரங்களாயின. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா, கராச்சிக்கு வந்திருந்த தபாலை ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏற்றி, ஆமதாபாத் வழியாகத் தாமே பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து அது பல்லாரி வழியாகச் சென்னை சேர்ந்தது. 1948 ஜூன் 8-இல் ஏர் இந்தியா விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. சுதந்திர இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏர் இந்தியாவின் வழக்கமான சேவை அதனோடுதான் தொடங்கிற்று.

இன்று மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு நம் நூலின் நீளம் ஒன்பது மணி நேரம். ஆனால் புதுவையிலிருந்து பாரிஸுக்கு நேர் விமானம் கிடையாது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஏற வேண்டும். உயரத்தில் வீசும் மேல்காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

இவை இயற்கையின் தடைகள். மனிதன் வைத்த தடைகளும் உண்டு. 1932-இல் டாட்டா கராச்சியிலிருந்து தடையின்றிப் பறந்து வந்தார். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தை இந்திய விமானங்களுக்கு மூடிற்று. ஜூனில் யுத்தத்தால் ஈரானின் ஆகாயமும் மூடப்பட்டது. விமானங்கள் சுற்றிப் பறந்தன.

பேரன் பல மணி நேரம் தாமதமாகத்தான் வந்தான். காரணத்தை உருண்டையில் நூல் பிடித்து விளக்கினேன். பாட்டியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊர் தூரமில்லை, நடுவிலே சண்டைதான் தூரம்" என்றார்.

என் வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் இந்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லி வருகிறேன்.