தூக்கம் வராத இரவில் ஓர் அகப்பை செய்யலாமே!

படுத்துச் சுமார் 20 நிமிடங்களாகியும் தூக்கம் பிடிக்கவில்லையா? புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்துவிடுங்கள். வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் அமைதியான வேலை எதையாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் முன்வைத்த இந்த முறையைத்தான் தூக்க மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். விழித்தபடியே படுத்துக்கிடந்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடும்.

சரி, எழுந்து என்ன செய்வது? செல்போனைத் தொட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்று என்று விடியும்வரை இழுத்துக்கொண்டு போகும். டி.வி போட்டால் வீடே விழித்துக்கொள்ளும். கடனும் பிள்ளைகளின் கவலையும் மனதை அரிக்கும்போது, புத்தகத்தில் ஒரே வரியைப் பத்து முறை படிக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட இரவுகளில் கைக்கு வேலை கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு நல்ல துணை, சின்னச் சின்ன மரவேலை.

சத்தம் வராதா?

மரவேலை என்றதும் மெஷின் இரைச்சல்தான் நினைவுக்கு வரும். மின்சார வட்ட ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலை ஒட்டிப் போகும். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள். ஆனால், கைக்கருவிகளின் கதை வேறு. நன்றாகத் தீட்டிய இழைப்புளி ஓடும்போது 'சர்ர்' என்று மெல்லிய ஓசைதான் எழும். ஈரமான உப்புத்தாளில் அதுவும் இல்லை. மேசைமேல் பழைய போர்வையை மடித்துப் போட்டுக்கொண்டால் அதிர்வும் கீழ்வீட்டுக்குப் போகாது.

மனம் எங்கே போகிறது?

மரத்துக்கு ஓட்டம் உண்டு. அந்த ஓட்டத்தோடு இழைத்தால் சுருள் சுருளாக வரும். எதிர்த்து இழைத்தால் பிய்ந்துவிடும். அதனால் கண்ணும் விரலும் மரத்தைவிட்டு நகர முடியாது. கவலை ஒரேயடியாகப் போய்விடாதுதான். ஆனாலும், 'இந்த இடம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறதே' என்று விரல் தேடுகிற நேரத்துக்காவது அது கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

பகலில் கத்தி, இரவில் உப்புத்தாள்

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தூக்கம் கெட்ட உடம்பில் கை தடுமாறும். எனவே, அறுப்பது, செதுக்குவது, கொட்டாப்புளியால் உளியைத் தட்டுவது எல்லாவற்றையும் பகலிலேயே முடித்துவிடுங்கள். தேய்ப்பது, மெருகேற்றுவது, எண்ணெய் பூசுவது மட்டும் இரவுக்கு இருக்கட்டும். அனுபவம் உள்ளவர்கள், கட்டையை அசையாமல் பூட்டிக்கொண்டு இழைப்புளியைப் பிடிக்கலாம். அதில் இரண்டு கைகளும் கருவியின் மேலேயே இருக்கும். தூக்க மாத்திரை போட்டவர்கள் கூரான எதையும் தொடக் கூடாது.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

நம் பாட்டிமார் புழங்கிய கொட்டாங்குச்சி அகப்பையே போதும். பாதிச் சிரட்டை, பிடிக்கு ஒரு மூங்கில் துண்டு அல்லது கொய்யாக் கிளை. பகலில் சிரட்டையின் நாரைச் சுரண்டி, துளை போட்டு, பிடியைச் சீவி வைத்துவிடுங்கள். இரவில் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, நைசான தாள்வரை ஒவ்வொன்றாக மாற்றித் தேய்க்கலாம். தண்ணீர் தாங்கும் தாளாக வாங்கி, நனைத்துத் தேய்ப்பது நல்லது. தூசு பறக்காது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு. நன்றாகக் காய்ந்த பிறகு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் சிரட்டை கறுத்துப் பளபளக்கும்.

வேறு மரச்சாமான்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட வேண்டும்.

முடிக்காமல் வைப்பதே வெற்றி

'இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிடலாம்' என்ற நினைப்புதான் இங்கே எதிரி. அகப்பையை முடிப்பதற்காக நீங்கள் எழுந்துவரவில்லை. தூக்கம் திரும்பிவரும்வரை காத்திருக்கத்தான் வந்தீர்கள். முதல் கொட்டாவி வந்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். யாருக்கும் தேதி சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள், விற்பனைக்கும் செய்யாதீர்கள். கெடு வைத்த வேலை, தூக்கத்தைக் கெடுக்கும் இன்னொரு கவலையாகிவிடும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள்.

இது வைத்தியத்துக்கு மாற்று அல்ல. வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதங்களுக்கு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ, வாழ்க்கையே வெறுத்துப்போனாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு, மாத்திரைக்கு முன்பாக, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. படுக்கையை விட்டு எழுந்துவிடும் அந்தப் பழைய முறையும் அதில் ஒரு பகுதிதான்.

பாதியில் நிற்கும் அகப்பை அடுத்த விழிப்பு இரவுவரை காத்திருக்கும். அதைத் தொடவே வேண்டியிராமல் போனால், அதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது!