காளான் வளர்க்கும் கறையான்

காளான் வளர்க்கும் கறையான் என்பது தன் உணவான காளானைப் புற்றினுள் தானே பயிரிடும் கறையான் வகையாகும். இதே தொழிலைச் செய்யும் எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. அவ்வெறும்புகளின் அரசிகளை வளர்ப்பது அங்கும் ஐரோப்பாவிலும் ஒரு பொழுதுபோக்காக உள்ளது. உயிருள்ள பூச்சிகளை உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவர இயலாது. ஆனால் தமிழ்நாட்டின் செம்மண் புற்றுகள் பலவற்றிலும் ஒடோன்டோடெர்மஸ் பேரினக் கறையான்கள் காளான் பயிரிட்டே வாழ்கின்றன.

வரலாறு

தரங்கம்பாடியில் பணியாற்றிய யோகான் கெரார்டு கோனிக், தஞ்சாவூர்ப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779 இல் எழுதினார். இலங்கையின் பேராதனையில் தாமசு பெட்ச் 1906 இல் இக்காளான்களை விரிவாக விளக்கினார். இவற்றுக்கு டெர்மிட்டோமைசெஸ் என்ற பேரினப் பெயரை 1942 இல் பிரெஞ்சு அறிஞர் ரோசே ஐம் வழங்கினார்.

இணையைப் பிடித்தல்

மழைக்குப் பின் புற்றிலிருந்து பறக்கும் ஈசல்களே வருங்கால அரசர்களும் அரசிகளும் ஆவர். எறும்பரசி தனியே குடியமைக்கும்; கறையானுக்கு ஆணும் தேவை. இறகு உதிர்த்த பெண்ணின் பின்னால் ஆண் ஒட்டி ஓடும் வேளையே பிடிப்பதற்கு ஏற்றது. ஈரமண் இட்ட, மூடியுள்ள சிறு கலத்தில் விட்டால் இணை மண்ணுள் அறை அமைத்துக்கொள்ளும். வேலையாட்கள் தோன்றும்வரை அவை உடற்சேமிப்பைக் கொண்டே வாழ்கின்றன. அடிக்கடி தோண்டிப் பார்ப்பது கேடு. கலம் வீட்டு மரச்சாமான்களை விட்டுத் தள்ளியிருப்பது நல்லது.

காளான் வரும் வழி

வளர்ப்பு பெரும்பாலும் தோல்வியுறுவது இங்கேதான். இலைவெட்டி எறும்பரசி தாய்க்கூட்டிலிருந்து காளான் துணுக்கை வாயடிப் பையில் எடுத்துச் செல்லும். ஒடோன்டோடெர்மஸ் அரசி அவ்வாறு எதையும் கொண்டுவருவதில்லை. (மைக்ரோடெர்மஸ் கறையான்களில் அரசி கொண்டுவருகிறது, ஆப்பிரிக்காவின் மாக்ரோடெர்மஸ் பெல்லிகோசஸ் இனத்திலோ அரசன்.) முதல் வேலையாட்கள் வெளியே இரை தேடும்போது, புற்றுக்காளான்கள் உதிர்த்த நுண்வித்துகளை மட்கிய இலை, புல்லுடன் சேர்த்து உண்கின்றன. அவை இடும் கழிவிலேயே கடற்பஞ்சு போன்ற காளான் தோட்டம் உருவாகிறது. மூடிய கலத்துள் வித்து வர வழியில்லாததால், முட்டை பொரித்து வேலையாட்கள் வந்த பின்னும் குடி பட்டினியால் அழிகிறது.

எனவே வேலையாட்கள் நடமாடத் தொடங்கியதும் அதே இனப் புற்றின் தோட்டத்திலிருந்து வெண்மணிகள் உள்ள துண்டொன்றை இடவேண்டும். பெரிய துண்டு உதவாது. போதிய வேலையாட்கள் பேணாத தோட்டத்தில் சைலேரியா என்ற களைப்பூஞ்சை சில நாட்களிலேயே படர்ந்துவிடும்.