பழி யாருக்குரியது?

1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த எமது சனத்தின்மீது விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தவனைக் கடவுள் சும்மா விடமாட்டார் என்றோம். ஓகஸ்டில் கெவலார் மாதாவிடம் போகும் எம்மவர் சிலரின் நேர்த்தி இன்றும் அதுதான். (சைவர்களும் அங்கு வருகிறார்கள். புதிதாக வந்தவர்கள் தயங்க வேண்டாம்.)

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி, தெற்கே பெரலியாவில் ரயிலோடு சனத்தை அள்ளியது. "பார்த்தியோ, தண்டனை!" என்று எமது தொழிற்சாலை இடைவேளையிலும் கதை வந்தது. அதே காலையில்தான் முல்லைத்தீவும் நாவலடியும் அழிந்தன. அங்கே மாண்ட குழந்தைகள் யாருக்கு என்ன செய்தன?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை லூக்கா 13இல் யேசுவே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் மற்றவர்களிலும் பெரிய பாவிகள் அல்லர் என்கிறார். பழிவாங்குவதைக் கடவுளிடம் விட்டுவிடும்படி ரோமர் 12இல் பவுல் எழுதுகிறார். எம்மவர் அதோடு வேதாகமத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வசனமோ பசித்திருக்கும் எதிரிக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்கிறது! கடவுளை எமக்காக அடிபிடிக்குப் போகும் ஆளாக்க அங்கே இடமில்லை.

அதற்காகக் கோபமே கூடாதென்றில்லை. 109ஆம் சங்கீதத்தில் ஒருவன் எதிரியின் பிள்ளைகள் அநாதைகளாகட்டும் என்றே சபிக்கிறான். அதுவும் செபமாகத்தான் வேதாகமத்தில் இருக்கிறது. ஆனால் அவன் கொட்டுவது கடவுளிடம், கையில் கத்தியில்லை.

நீதி கேட்பது வேறு விடயம். அதைக் கடலிடம் கேட்க முடியாது, நீதிமன்றத்தில்தான் கேட்கவேண்டும். நவாலிக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.