பட்டனைத் தட்டினால் கார் கிளம்பும், நிற்குமா? சாவிக்கு 'டாட்டா' காட்ட நினைப்பவர்கள் கவனத்துக்கு!

சென்னை:

சாவியைப் போட்டு திருகி காரைக் கிளப்புகிற காலம் மெல்ல போய்க்கொண்டு இருக்கிறது. பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும், என்ஜின் உறுமுகிறது!

புதுக்கார் வாங்குகிறவர்களுக்கு கம்பெனியே பட்டனை வைத்துக் கொடுக்கிறது. பழைய கார் வைத்து இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? "நம்ம வண்டிக்கும் ஒண்ணு வெச்சா என்ன?" என்று கிளம்பி விடுகிறார்கள்.

சாமான்களுக்கும் பஞ்சம் இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான்கள். புதுப்பேட்டையில் கழற்றிப்போட்ட பழைய பாகங்கள். ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக் சாமான்கள். ஒரு மாலைப்பொழுது சுற்றினால் தேவையானது எல்லாம் பைக்குள் வந்துவிடும்.

ஆனால், வண்டியைக் கிளப்புவது பெரிய காரியம் அல்ல. ஓடுகிற வண்டியை நிறுத்துவதும், நிறுத்திய வண்டியைக் காப்பதும்தான் பெரிய காரியம். பட்டன் ஆசையில் பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

பட்டன் புதுசா?

பட்டன் ஒன்றும் புதுசு அல்ல. சாவி ஸ்டார்ட்டுக்கு அது அண்ணன் முறை!

அந்தக் காலத்தில் காருக்கு முன்னால் நின்று, இரும்பு ஹாண்டிலைப் போட்டு சுற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் அதற்கு ஒரு முடிவு கட்டினார். அவர் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்தது.

அதன்பிறகு பல ஆண்டுகள் காலால் மிதிப்பதும், கையால் அமுக்குவதும்தான் நடைமுறை. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கும் காலால் மிதிக்கிற ஸ்டார்ட்டர்தான். சாவியைத் திருகினாலே என்ஜின் கிளம்புகிற வசதி, 1949-ம் ஆண்டு மாடல் கிறைஸ்லர் கார்களில் வந்தது.

ஆக, போன பட்டன் திரும்பி வந்து இருக்கிறது. ஆனால் இடையில் வந்த சாவி, பல வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டு விட்டது.

4 வேலைகள்

சாவி ஒன்று, அது செய்கிற வேலை நாலு.

முதலாவது, ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கிறது. சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால், 'டக்' என்று பூட்டிக் கொள்கிறதே, அந்தப் பூட்டு.

இரண்டாவது, என்ஜினுக்கு கரண்ட் கொடுக்கிறது.

மூன்றாவது, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழல வைக்கிறது.

நாலாவது, இப்போதைய கார்களில் சாவித் தலைக்குள் அரிசி மணி போல ஒரு சில்லு இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றி உள்ள வளையம் அந்த சில்லை அடையாளம் கண்டுகொண்டால்தான் என்ஜின் ஓடும். கள்ளச்சாவி போட்டால் ஓடாது.

சாவியைத் தூக்கி எறிகிறவர், இந்த நாலு வேலைக்கும் ஆள் பார்க்க வேண்டும். பட்டன் பார்ப்பது மூன்றாவது வேலையைத்தான்!

எப்படி செய்கிறார்கள்?

ஸ்டார்ட்டர் மோட்டார் அசுரப் பசி உள்ளது. ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் கரண்ட் போதும். ஸ்டார்ட்டருக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் பட்டன் தாங்காது, கருகிவிடும்.

அதற்காக நடுவில் 'ரிலே' வைக்கிறார்கள். சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற டப்பா அது. ரேடியோ முதலியவற்றுக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று, ஸ்டார்ட்டருக்கு ஒன்று; ஆக 3 ரிலே.

இவற்றை ஆட்டி வைக்க உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் அட்டை. பர்சில் ஒரு 'டேக்'. டேக்கைக் காட்டி பட்டனை அமுக்கினால், அட்டை உத்தரவு போடும். ரிலே மூடும். வண்டி கிளம்பும்.

"இவ்ளோதானா?" என்று கேட்கத் தோன்றும். இனிமேல்தான் வில்லங்கம்.

கியரில் நின்றால்?

வண்டி முதல் கியரில் நிற்கிறது. சீட்டில் ஏறிய பையன் விளையாட்டாக பட்டனைத் தட்டுகிறான். ஸ்டார்ட்டர் சுழல்கிறது; வண்டி முன்னால் துள்ளுகிறது. எதிரே சுவர் இருந்தால் பம்பரோடு போகும். ஆள் இருந்தால்?

அதனால்தான் கம்பெனி கார்களில், பிரேக்கையோ கிளட்சையோ மிதித்தால்தான் பட்டன் வேலை செய்யும். வீட்டில் செய்கிற பலர் இந்த வயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு விடுகிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் 12 வோல்ட் பாட்டரி 10 வோல்ட், 9 வோல்ட் என்று இறங்கும். அந்த ஒரு கணத்தில் கம்ப்யூட்டர் அட்டை மயக்கம் போட்டு, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். ரிலே விட்டுப்போகும். வண்டி வந்த வேகத்தில் அணையும்.

நின்ற வண்டியில் இது எரிச்சல். ஓடுகிற வண்டியில் அட்டை மயங்கினால் ஆபத்து! என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பு சக்தி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். அதன்பிறகு பலம் கொண்ட மட்டும் மிதிக்க வேண்டும்.

3 வினாடி

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. அணைக்க வேண்டிய நேரத்தில் என்ஜின் அணையாமல் போவது!

2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் சான்டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் தறிகெட்டு ஓடியது. அந்த வண்டிக்கு உரியது அல்லாத கால்மிதியடியில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டதே காரணம். ஓட்டியவர் நெடுஞ்சாலை போலீஸ் அதிகாரி. அவரும் குடும்பத்தினரும் ஆக 4 பேர் பலியானார்கள்.

அது பட்டன் ஸ்டார்ட் கார். ஓடும்போது என்ஜினை அணைக்க, பட்டனை 3 வினாடி விடாமல் அமுக்க வேண்டும். கை தவறிப் பட்டு என்ஜின் நின்றுவிடக் கூடாதே என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் உயிர் போகிற அவசரத்தில் 3 வினாடி என்பது ஒரு யுகம். சாவியாக இருந்தால் ஒரே திருகு.

பெரிய கம்பெனியின் பொறியாளர்கள் யோசித்து வைத்த பட்டனிலேயே இந்த சிக்கல் என்றால், வீட்டு மாடியில் உட்கார்ந்து சால்டர் வைக்கிறவர் எத்தனை யோசிக்க வேண்டும்!

ஞாபக மறதியும் சேர்ந்துகொள்கிறது. டேக் பையில் இருக்கும். என்ஜின் சத்தம் இல்லாமல் ஓடும். ஆசாமி வீட்டுக்குள் போய்விடுவார். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் இப்படி விடப்பட்ட கார்களின் விஷப் புகையால், அமெரிக்காவில் 2006-க்குப் பிறகு 28 பேர் இறந்ததாக 2018-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை கணக்கு கொடுத்தது.

திருடனுக்கு கொண்டாட்டம்

அடுத்தது திருட்டு. சாவியில் உள்ள சில்லு இல்லாமல் என்ஜின் ஓடாதே, என்ன செய்வது? ஸ்பேர் சாவியை உடைத்து, சில்லை டாஷ்போர்டுக்குள் வளையத்தின் பக்கத்திலேயே ஒட்டி விடுகிறார்கள். ஸ்டியரிங் பூட்டு இடைஞ்சல் என்றால், அதன் ஊசியையும் கழற்றி விடுகிறார்கள்.

கதவைப் பூட்டி, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான் இது. கண்ணாடியை உடைத்து இரண்டு வயரைத் தொட்டு வைத்தால் போதும், திருடன் ராஜாவாக ஓட்டிக்கொண்டு போகலாம்.

சட்டம்

கம்பெனி கொடுத்த அடிப்படை அம்சத்தை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

பட்டன் இதில் சேருமா, சேராதா என்று விபத்துக்குப் பிறகு வாதாடுவதைவிட, முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்வது மேல்.

செய்தே தீருவேன் என்றால்...

ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. சாவியை விரட்டாதீர்கள்! ஸ்டியரிங் பூட்டு, சில்லு, என்ஜின் கரண்ட் மூன்றையும் சாவியிடமே விட்டுவிடுங்கள். சாவியை 'ஆன்' வரை திருப்பி, கிளப்புவதற்கு மட்டும் பட்டனை அமுக்குங்கள். பந்தயக் கார்களில் பல காலமாக பார்த்துப் பழகிய முறைதான் இது.

இதற்கு ஒரே ஒரு ரிலே போதும். தகுந்த பியூஸ் கட்டாயம். பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதித்தால்தான் பட்டனுக்கு உயிர் வர வேண்டும். என்ஜின் ஓடும்போது பட்டனைத் தட்டினால் எதுவும் நடக்கக் கூடாது. வயரைத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் ரோட்டில் இறங்கக் கூடாது.

பட்டன் கெட்டுப்போனாலும் பயம் இல்லை. வண்டியை அணைக்க சாவி இருக்கிறது.

கிளப்புவதற்கு ஆயிரம் வழி இருக்கலாம். நிறுத்துவதற்கு ஒரு வழியாவது கைக்கு எட்டுகிற தூரத்தில், கை பழகிய இடத்தில் இருக்க வேண்டும். பட்டன் வைக்கிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "எப்படி ஸ்டார்ட் ஆகும்?" என்பது அல்ல, "எப்படிப்பா நிக்கும்?" என்பதுதான்!